ஐந்தில் ஒருவரின் கணக்கு

கொலராடோவில் கஞ்சாக் கடைகள் திறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. 2014 ஜூலையில் அந்த மாநில வருவாய்த் துறை ஒரு சந்தை ஆய்வை வெளியிட்டது. எவ்வளவு பயிரிட விடுவது, எத்தனை உரிமம் கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் அந்த ஆய்வு. மாதம் ஒரு முறையாவது கஞ்சா பயன்படுத்தும் வயதுவந்தோர் மாநிலத்தில் ஏறத்தாழ 4,85,000 பேர் என்றும், வெளியூர்ப் பயணிகளையும் சேர்த்தால் ஆண்டுக்கு 130 டன் தேவைப்படும் என்றும் அது கணக்கிட்டது.

அறிக்கையின் உள்ளே இவற்றைவிட முக்கியமான ஓர் எண் இருந்தது. பயன்படுத்துவோரில் தினமும், அல்லது ஏறக்குறைய தினமும் எடுத்துக்கொள்பவர்கள் 21.8 சதவீதம். மொத்தத் தேவையில் அவர்களுடைய பங்கு 66.9 சதவீதம். மாதத்துக்கு ஒரு முறைகூடத் தொடாதவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இருந்தும், அவர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்குவது மொத்தத்தில் ஒரு சதவீதத்தை எட்டவில்லை.

ஐந்தில் ஒருவர் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கை வாங்குகிறார். கடைக்காரரின் வாடகையும், தோட்டக்காரரின் கடன் தவணையும், அரசின் வரியும் இந்த ஐந்தில் ஒருவரை நம்பியே நிற்கின்றன. கஞ்சாவை அனுமதிக்கலாமா கூடாதா என்று உலகெங்கும் நடக்கும் வாதத்தில் இந்தக் கணக்கு அடிபட்டுப் போகிறது. ஆனால் அனுமதித்த பிறகு நடப்பவற்றில் பெரும்பகுதியை இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. யார் விற்கிறார்கள், எந்த விலைக்கு, எந்த வீரியத்தில், யாரை நம்பி என்ற கேள்விகளுக்குக் கொலராடோ பத்தாண்டுக்கும் மேலாகத் தன் உடம்பிலேயே விடை எழுதி வருகிறது.

2012 நவம்பர் 6, ஒபாமா இரண்டாம் முறை வென்ற நாள். அன்றுதான் கொலராடோ வாக்காளர்கள் மாநில அரசியலமைப்பின் 64ஆம் திருத்தத்தை ஏற்றார்கள். ஆதரவு சுமார் 55 சதவீதம். அப்போதைய விதிப்படி 21 வயது நிரம்பியவர் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் வரை வைத்திருக்கலாம். வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம். உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். வாஷிங்டன் மாநிலமும் அன்றே இதே முடிவை எடுத்தது. கொலராடோ ஆளுநர் ஜான் ஹிக்கன்லூப்பர் திருத்தத்தை எதிர்த்தவர். வாக்கு எண்ணி முடிந்ததும், தனக்கு உடன்பாடில்லாத ஒரு சட்டத்துக்கு உருவம் கொடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

பார்த்து எழுத முன்மாதிரி கிடையாது. நெதர்லாந்தில் காபிக் கடைகளில் சிறிதளவு விற்பதைக் காவல்துறை கண்டும் காணாமல் விட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கடைக்குச் சரக்கு வரும் பின்வாசலில் எல்லாமே குற்றம். கொலராடோ முன்வாசலையும் பின்வாசலையும் சேர்த்தே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொரு செடிக்கும் ரேடியோ அலையில் படிக்கக்கூடிய அடையாள வில்லை கட்டப்பட்டது. நாற்றுப் பருவத்திலிருந்து கல்லாப்பெட்டி வரை அது கணினியில் பின்தொடரப்பட்டது. 2014 ஜனவரி 1 காலை டென்வரில் முதல் விற்பனை நடந்தது. வாங்கியவர் ஈராக் போரிலிருந்து திரும்பிய ஒரு முன்னாள் படைவீரர்.

முதலில் தெரிந்த மாற்றம் காவல் நிலையத்தில். மாநிலத்தின் குற்றவியல் நீதித் துறைப் புள்ளிவிவரப்படி 2012இல் கஞ்சா தொடர்பான கைதுகள் 13,225. 2019இல் அது 4,290. சரிவு 68 சதவீதம். அமெரிக்காவில் ஒரு கைது என்பது ஓர் இரவு லாக்கப்போடு முடிவதில்லை. வேலைக்கு விண்ணப்பித்தால் பின்னணி விசாரணையில் அது வரும். வீடு வாடகைக்குக் கேட்டால் வரும். குடியுரிமை இல்லாதவரென்றால் நாட்டைவிட்டு அனுப்பவும் அது காரணமாகலாம். ஆண்டுக்கு ஒன்பதாயிரம் கைதுகள் குறைந்தன என்றால் அத்தனை பேர் தலைக்கு மேல் தொங்கிய கத்தி விலகியது என்று பொருள். சட்டம் மாறியதால் விளைந்த நன்மைகளில் ஐயத்துக்கு இடமில்லாதது இதுதான்.

அந்த நன்மையும் எல்லோருக்கும் சமமாக வந்து சேரவில்லை. 2019இல் ஒரு லட்சம் வெள்ளையருக்கு 76 பேர் கைதாகினர். ஒரு லட்சம் கறுப்பினத்தவருக்கு 160 பேர். இரு தரப்பிலும் எண்ணிக்கை குறைந்தது, இடைவெளி அப்படியே நின்றது. பழைய தண்டனைகளும் ஆவணங்களில் கிடந்தன. கடைகள் திறந்து ஆறு ஆண்டுக்கும் மேலான பிறகு, 2020 அக்டோபரில்தான், ஆளுநர் ஜாரட் போலிஸ் ஒரே கையெழுத்தில் 2,732 தண்டனைகளுக்கு மன்னிப்பு வழங்கினார். ஒரே ஊரில் ஒருவர் கஞ்சா விற்று முதலாளி ஆகியிருக்க, இன்னொருவர் ஒரு பொட்டலம் வைத்திருந்ததற்காகப் பெற்ற தண்டனையைச் சுமந்துகொண்டே வேலை தேடியிருக்கிறார். மன்னிப்புக்காக ஆறு ஆண்டு காத்திருக்க வைத்ததற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

பணத்துக்கு வருவோம். 2014இல் மருத்துவக் கஞ்சாவையும் சேர்த்து மொத்த விற்பனை 68 கோடி டாலர். வரியும் கட்டணமுமாக மாநிலத்துக்கு வந்தது 6.7 கோடி. 2021இல் விற்பனை 220 கோடியைத் தொட்டது. வருவாய் 42 கோடி டாலரைத் தாண்டியது. தோட்டத்திலிருந்து கடைக்குப் போகும்போது 15 சதவீதம் கலால் வரி. கடையில் வாங்கும்போது சிறப்பு விற்பனை வரி. அது தொடக்கத்தில் 10 சதவீதம், 2017 முதல் 15. கலால் வரியில் முதல் 4 கோடி டாலர் பள்ளிக் கட்டடங்களுக்கு என்று வாக்காளர்களிடம் வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பழுதடைந்த கிராமப்புறப் பள்ளிகள் சில அந்தப் பணத்தில் புதுக் கூரை கண்டன. ஆனால் மாநிலத்தின் மொத்த வரவுசெலவோடு ஒப்பிட்டால், உச்சத்தில் இருந்தபோதும் கஞ்சாப் பணம் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். ஆசிரியர் சம்பளத்துக்கோ வகுப்பறைச் செலவுக்கோ அது பெரிதாக உதவவில்லை. கஞ்சா வரியால் கல்விக் குறை தீர்ந்துவிடும் என்று நம்பிய பெற்றோர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் பள்ளி வரவுசெலவைப் பார்த்து ஏமாந்துபோனார்கள்.

மாநிலச் சட்டம் அனுமதித்ததை மத்தியச் சட்டம் தொடர்ந்து தடைசெய்தது. இதனால் விளைந்த சிக்கல்கள் ஏராளம். பெரிய வங்கிகள் கஞ்சாக் கடைக்குக் கணக்கு திறக்க அஞ்சின. கோடிக்கணக்கில் புரளும் தொழில் ரொக்கத்தில் நடந்தது: சம்பளம் ரொக்கம், வரியும் ரொக்கம், அதைக் கொண்டுபோக ஆயுதக் காவலோடு கவச வண்டி. போதைப்பொருள் வணிகர்களைக் குறிவைத்து 1982இல் வந்த ஒரு மத்திய வருமானவரி விதி, கடை வாடகையையும் ஊழியர் சம்பளத்தையும் செலவாகக் காட்டவிடவில்லை. லாபமே இல்லாத கடையும் லாப வரி கட்ட வேண்டியிருந்தது. பெரும் மூலதனம் உள்ளவர்கள் இதைத் தாக்குப்பிடித்தார்கள். கையில் சேமிப்போடு வந்த சிறு வியாபாரிகள் பலர் விற்றுவிட்டுப் போனார்கள்.

மத்தியச் சட்டத்தின் இன்னொரு விளைவு காற்றில் கலந்தது. ஒரு மாநிலத்துச் சரக்கு இன்னொரு மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. வெயில் கொழிக்கும் கலிபோர்னியாவில் விளைவதைக் கொலராடோவில் விற்க முடியாது. இங்கே தேவைப்படுவதை இங்கேயே விளைவிக்க வேண்டும். பனி பெய்யும் மலைநாட்டில் அதற்கு வழி, கிடங்குக்குள் விளக்கு போட்டு வளர்ப்பது. விளக்கின் சூட்டைத் தணிக்கக் குளிர்சாதனம், ஈரத்தை உறிஞ்ச ஓர் இயந்திரம், வெளியிலிருந்து இழுக்கும் காற்றை இதமாக்க இன்னோர் இயந்திரம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் இதைக் கணக்கிட்டார்கள். ஒரு கிலோ உலர்ந்த பூவைக் கிடங்குக்குள் விளைவிக்க, இடத்தைப் பொறுத்து, 2,283 கிலோ முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு ஈடான வெப்ப வாயுக்கள் வெளியாகின்றன. அமெரிக்காவில் ஒரு சராசரி கார் ஓராண்டு முழுக்க ஓடி வெளியிடுவது சுமார் 4,600 கிலோ. சூரியன் இலவசமாகச் செய்யும் வேலைக்குச் சட்டத்தின் குளறுபடியால் இவ்வளவு விலை.

கொலராடோவின் தெற்கே புவெப்லோ என்று ஓர் ஊர். இரும்பு ஆலையால் வாழ்ந்து, 1980களில் அந்தத் தொழில் சரிந்ததும் நொடித்துப்போன ஊர். பல நகராட்சிகள் கஞ்சா வேண்டாம் என்று கதவைச் சாத்தியபோது புவெப்லோ மாவட்டம் கைநீட்டி வரவேற்றது. வேலை வந்தது. தோட்ட வரியிலிருந்து உள்ளூர் மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகையும் வந்தது. காவல், மருத்துவம், சமூக நலம் ஆகியவற்றில் கூடிய செலவுகளைக் கழித்த பிறகும் 2016இல் மாவட்டத்துக்கு 3.5 கோடி டாலர் நிகர ஆதாயம் என்று உள்ளூர்ப் பல்கலைக்கழகம் கணக்குக் காட்டியது. இன்னும் தெற்கே, நியூ மெக்சிகோ எல்லையில் டிரினிடாட். பழைய நிலக்கரி ஊர். எட்டாயிரம் பேர் வாழும் அந்த இடத்தில் கஞ்சாக் கடைகள் வரிசைகட்டி முளைத்தன. வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் டெக்சாசிலிருந்தும் நியூ மெக்சிகோவிலிருந்தும் கார் ஓட்டி வந்தவர்கள். 2022 ஏப்ரலில் நியூ மெக்சிகோ தன் கடைகளைத் திறந்தது. டிரினிடாட்டின் வியாபாரம் சரியத் தொடங்கியது. பக்கத்து மாநிலத்தின் தடையை நம்பிக் கட்டிய பொருளாதாரம், தடை நீங்கியதும் ஆட்டம் கண்டுவிட்டது.

இனி உடம்பு. கஞ்சாப் பெண் செடியின் பூவில் பிசின் சுரக்கும் நுண்மயிர்கள் உண்டு. போதை தரும் மூலக்கூறான டி.எச்.சி. அங்கே அமில வடிவில் உறங்கிக் கிடக்கிறது; நெருப்பு பட்டதும் அமிலப் பகுதி கழன்று விழித்துக்கொள்கிறது. 1964இல் இஸ்ரேலில் ரஃபாயேல் மெஷூலாமும் யெகியேல் கவோனியும் அதைத் தனியாகப் பிரித்து அதன் கட்டமைப்பைக் கண்டறிந்தார்கள். மூளையில் அது போய் அமரும் இடம் சி.பி.1 என்னும் ஏற்பி. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உடம்பே சுரக்கும் வேதிப்பொருள்களுக்கான இருக்கை அது. நினைவு, பசி, அச்சம், காலவுணர்வு ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளில் அது நிறைந்திருக்கிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் மிகக் குறைவு. ஹெராயின் மூச்சை நிறுத்திக் கொல்வதுபோலக் கஞ்சா கொல்லாததற்குக் காரணம் இதுதான். கஞ்சாவால் யாரும் சாவதில்லை என்று ஆதரவாளர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. இந்த அளவுக்கு மட்டும்.

2014 மார்ச்சில், கடைகள் திறந்து மூன்றாம் மாதம், டென்வருக்கு வந்த 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் கஞ்சா கலந்த பிஸ்கட்டில் சிறு துண்டு தின்றார். ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து, மிச்சத்தையும் தின்றுவிட்டார். அதில் 65 மில்லிகிராம் டி.எச்.சி. இருந்தது. சில மணி நேரத்தில் மனம் குழம்பி, விடுதி மாடியிலிருந்து குதித்து இறந்தார். புகையாக இழுத்தால் டி.எச்.சி. நுரையீரல் வழியே சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். போதுமா என்று அந்த நபருக்கே தெரிந்துவிடும். வயிற்றுக்குள் போனால் கதை வேறு. குடல் உறிஞ்சி, கல்லீரல் அதை வேறொரு வடிவமாக மாற்றி, இரத்தத்தில் விட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஆகும். கல்லீரலில் பிறக்கும் அந்த வடிவமும் போதை தருவதே. மூளைக்குள் அது எளிதாகவும் நுழைந்துவிடுகிறது. பொறுமை இழந்தவர் இரண்டாம் துண்டைக் கடிக்கும்போது முதல் துண்டு இன்னும் வழியில்தான் இருக்கும்.

அந்த மரணத்துக்குப் பிறகு விதிகள் வந்தன. ஒரு வேளைக்கான 10 மில்லிகிராம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்படி பிரித்துக் காட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு மிட்டாயிலும் எச்சரிக்கை முத்திரை பதிக்கச் சொன்னார்கள். கரடி, பழம் போன்ற குழந்தைகளைக் கவரும் உருவங்களை 2017இல் தடைசெய்தார்கள். எல்லாம் நல்ல விதிகள். கடை திறக்கும் முன்பே இருந்திருக்க வேண்டியவை. கொலராடோ பல்கலைக்கழக மருத்துவமனையின் பதிவுகள் இதை உறுதிசெய்கின்றன. 2014 முதல் 2016 வரை விற்ற டி.எச்.சி.யில் தின்பண்டங்களின் பங்கு 0.32 சதவீதம் மட்டும். கஞ்சாவால் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் தின்பண்டம் சாப்பிட்டவர்கள் 10.7 சதவீதம். நாடு முழுவதும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தெரியாமல் தின்றதாக நச்சுத் தகவல் மையங்களில் பதிவானவை 2017இல் 207, 2021இல் 3,054. இந்தக் குழந்தைகளின் பாட்டைச் சட்டம் எழுதியவர்கள் யாரும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

அதே அவசரப் பிரிவில் மருத்துவர்களை முதலில் குழப்பிய இன்னொரு கூட்டமும் வந்தது. நிற்காத வாந்தி, வயிற்று வலி. வெந்நீரில் மணிக்கணக்காகக் குளித்தால் மட்டும் கொஞ்சம் தணியும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு அருகிலுள்ள மலைப்பகுதியில் 2004இல் விவரிக்கப்பட்ட நோய் இது. பல ஆண்டுகள் தினமும் கஞ்சா எடுத்தவர்களுக்கு வருவது. குமட்டலைத் தணிக்கும் மருந்தாகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் அதே பொருள், மிகுந்தால் வாந்தியை வரவழைக்கிறது. குணமாக ஒரே வழி, நிறுத்துவது.

நிறுத்துவது ஏன் கடினம் என்பதற்கும் சி.பி.1 ஏற்பியே காரணம். தினமும் டி.எச்.சி. வந்து தட்டிக்கொண்டே இருந்தால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அதே மயக்கத்துக்கு இன்னும் அதிகம் வேண்டும். தொடக்க எண்ணுக்கு விளக்கம் இங்கே கிடைக்கிறது. தினமும் எடுப்பவர் அடிக்கடி வாங்குகிறார் என்பதோடு கதை முடியவில்லை. ஒவ்வொரு முறையும் மற்றவரைவிட அதிகமாக எடுக்கிறார். அதனால்தான் ஐந்தில் ஒருவர் மூன்றில் இரண்டு பங்கைத் தீர்க்கிறார். சுமார் ஒரு மாதம் விட்டிருந்தால் ஏற்பிகள் பெரும்பாலும் மீண்டு வருவதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. அந்த ஒரு மாதம் தூக்கமின்மையும் எரிச்சலும் பசியின்மையும் நிறைந்தது.

வியாபாரம் இந்த வாடிக்கையாளரை நோக்கி நகர்ந்ததில் வியப்பில்லை. 1995இல் அமெரிக்கக் காவல்துறை கைப்பற்றிய கஞ்சாவில் டி.எச்.சி. சராசரி 4 சதவீதம் இருந்தது. கடைகளில் விற்கும் பூவில் இன்று 20 சதவீதம் சாதாரணம். பூவிலிருந்து கரைப்பான் கொண்டு பிழிந்தெடுக்கும் மெழுகுச் சரக்குகளில் 60 முதல் 90 சதவீதம்வரை. கிராமத்து வயசாளி எப்போதாவது இழுத்த சிலும்பியோடு இதை ஒன்றாக வைத்துப் பேசவே முடியாது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 10 சதவீதமோ அதற்கு மேலோ டி.எச்.சி. உள்ள கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனப்பிறழ்வு நோய் வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டது. கஞ்சாதான் நோயைத் தருகிறதா, நோய்க்கு ஆட்படக்கூடியவர்கள் கஞ்சாவை நாடுகிறார்களா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வீரியம் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பதில் அவ்வளவு வாதம் இல்லை.

எல்லோரும் மிகவும் அஞ்சியது பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி. இங்கே எண்கள் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கின. கடந்த 30 நாளில் கஞ்சா எடுத்ததாகச் சொன்ன கொலராடோ உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2013இல் 19.7 சதவீதம், 2019இல் 20.6, பெருந்தொற்றுக்குப் பிறகு 2021இல் 13.3, 2023இல் 12.8. உரிமத்தை இழக்க அஞ்சும் கடைக்காரர் வயதுச் சான்று கேட்கிறார். தெருமுனையில் விற்பவர் கேட்பதில்லை. ஏறியது பெரியவர்களிடம். 2014இல் வயதுவந்தோரில் 13.6 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் எடுத்திருந்தார்கள். 2019இல் 19 சதவீதம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் கால்கின்ஸ் தேசியக் கணக்கெடுப்புகளை நாற்பது ஆண்டுக்குப் பின்னோக்கிப் புரட்டி 2024இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். 2022இல் அமெரிக்காவில் தினமும் அல்லது கிட்டத்தட்டத் தினமும் கஞ்சா எடுப்பவர்கள் 1.77 கோடி பேர். மதுவை அப்படிக் குடிப்பவர்கள் 1.47 கோடி. 1992இல் தினசரிக் கஞ்சாப் பயனர் பத்து லட்சம் பேர்கூட இல்லை.

போட்டி பெருகியதும் விலை விழுந்தது. 2021இல் ஒரு பவுண்டு பூவின் மொத்த விலை கொலராடோவில் 1,700 டாலரைத் தொட்டது; 2023இல் சுமார் 700. விலையின்மீது போட்ட வரியும் கூடவே விழுந்தது. 42 கோடி டாலர் வருவாய் 2024இல் 25 கோடி சில்லறைக்கு இறங்கிவிட்டது. அதாவது, அரசின் வருவாய் சரிந்தபோது, தினசரிப் பயனருக்குப் போதை மலிவாகிக்கொண்டிருந்தது. விலைக்குப் பதில் டி.எச்.சி.யின் எடைக்கு வரி போட்டிருந்தால் இரண்டையும் ஒருசேரத் தடுத்திருக்கலாம் என்று பொருளாதார அறிஞர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அது சரியான யோசனை. நேரத்தில் கேட்டிருக்க வேண்டும்.

கனடாவில் சரிவு இன்னும் வெளிப்படையாக நடந்தது. ஒண்டாரியோவின் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் ஹெர்ஷி நிறுவனத்தின் சாக்லேட் ஆலை இருந்தது. 2008இல் மூடினார்கள். வெறுமையாகக் கிடந்த அந்தக் கட்டடத்தில் கஞ்சா வளர்க்க வந்த நிறுவனம் பிறகு கனோபி குரோத் ஆனது. 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுவதும் கஞ்சா சட்டபூர்வமானது; அதையொட்டி ஒரு பெரிய அமெரிக்க மது நிறுவனம் 500 கோடி கனடிய டாலரைக் கனோபியில் கொட்டியது. தேவைக்கு மேல் விளைந்தது. விலை சரிந்தது. 2023 பிப்ரவரியில் 800 பேரை நிறுவனம் வேலையைவிட்டு அனுப்பியது. அதே ஆண்டில் ஆலைக் கட்டடத்தை ஹெர்ஷியே திரும்ப வாங்கிக்கொண்டது.

கஞ்சாவுக்கு உரிமமும் வரியும் என்பது அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் உரிமம் எடுத்த கஞ்சாக் கடைகள் இருந்தன. வங்காளத்தின் நவ்காவ் வட்டாரத்தில் அரசின் மேற்பார்வையில் பயிரிட்டு, முத்திரை வைத்த கிடங்கிலிருந்து அனுப்பினார்கள். இது மக்களைக் கெடுக்கிறதா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழ, 1893இல் ஓர் ஆணையம் அமைந்தது. சென்னை மாகாணம் உட்பட எங்கும் விசாரித்து 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. அளவோடு பயன்படுத்துவதால் பெரும் தீங்கில்லை, மிகுதியே தீங்கு; தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் கொண்டு மிகுதியை ஒடுக்கலாம் என்று 1894இல் முடிவு சொன்னது. விடுதலை பெற்ற இந்தியா 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் கஞ்சாவை முற்றாகத் தடைசெய்தது. வெறும் இலையான பாங்கு மட்டும் அந்தச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே நின்றது.

மிகுதியை ஒடுக்க வரி என்பது ஏட்டில் நன்றாக இருக்கிறது. வரி வாங்கும் கை மிகுதியை விரும்பத் தொடங்கினால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டு வாசகருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2003இல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே ஏற்றது. 2023-24இல் டாஸ்மாக் வழியே வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த வருவாயும் பெரும்பாலும் தினமும் வரிசையில் நிற்பவரின் சட்டைப்பையிலிருந்து, அவர் வீட்டு அரிசிப் பானையிலிருந்து வருவதே. தனியார் கையில் இருந்தால் ஆபத்து, அரசு கையில் இருந்தால் பத்திரம் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. அரசுக் கடைக்கு விற்பனை இலக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உருகுவே 2013 டிசம்பரில் சட்டம் இயற்றியபோது இந்த இடத்தில்தான் கவனமாக இருந்தது. அதிபர் ஹோசே முகிகா வரி வருவாயைக் காரணமாகக் காட்டவில்லை. கடத்தல்காரரிடமிருந்து சந்தையைப் பறிப்பதே நோக்கம் என்றார். பதிவு செய்த குடிமக்களுக்கு மட்டும், மருந்துக் கடையில், மாதம் 40 கிராம் வரை. விளம்பரம் கிடையாது. 2017இல் விற்பனை தொடங்கியபோது டி.எச்.சி. சுமார் 2 சதவீதம்தான். பலருக்கு அது போதவில்லை. அவர்கள் பழைய ஆட்களிடமே வாங்கினார்கள். 2022 டிசம்பரில் 15 சதவீதம்வரை உள்ள வகையை அரசே அறிமுகப்படுத்த வேண்டியதாயிற்று. வீரியத்தை மிகவும் இறுக்கினால் கள்ளச் சந்தை வாழ்கிறது, அவிழ்த்துவிட்டால் தினசரிப் பயனர் பெருகுகிறார்.

கனடாவுக்குள்ளேயே கியூபெக் வேறு வழி பிடித்தது. அங்கே விற்பது மாநில அரசு நிறுவனம் ஒன்று மட்டும். டி.எச்.சி. 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மிட்டாயும் சாக்லேட்டும் கிடையாது. வயது வரம்பை 2020இல் 18இலிருந்து 21ஆக உயர்த்தினார்கள். பக்கத்து ஒண்டாரியோவில் தனியார் கடைகள் 1,600ஐத் தாண்டியபோது கியூபெக்கில் சுமார் 100. ஓராண்டில் ஒரு முறையாவது எடுப்பவர்கள் கனடா முழுவதும் நான்கில் ஒருவர் என்றால் கியூபெக்கில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. சட்டம் வருவதற்கு முன்பும் கியூபெக்கில் பயன்பாடு குறைவாகவே இருந்தது என்பதால் முழுப் பெருமையையும் கடைக்குக் கொடுக்க முடியாது. அந்த வேறுபாடு கரைந்துபோகாமல் நின்றதே பெரிது.

ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 அன்று சட்டத்தைத் திருத்தியபோது கடையே வேண்டாம் என்று முடிவெடுத்தது. பெரியவர் ஒருவர் வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். வெளியே 25 கிராம் வரை வைத்திருக்கலாம். அல்லது லாப நோக்கில்லாத ஒரு பயிர்ச் சங்கத்தில் சேரலாம். சங்கத்தில் 500 பேருக்கு மேல் சேர முடியாது. வெளியாருக்கு விற்கவும் விளம்பரம் செய்யவும் தடை. ஓர் உறுப்பினருக்கு மாதம் 50 கிராம். 18 முதல் 20 வயதுவரை உள்ளவர் என்றால் 30 கிராம், அதிலும் டி.எச்.சி. 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.